இல்லாத முழங்கால் வலி

எனக்கு முழங்கால் வலி கிடையாது. இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து உடுமலைப்பேட்டை வரைக்கும் எங்கள் சொந்தபந்தத்தில் இதை நம்பும் ஆள் ஒருவர்கூட இல்லை. கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். எந்த எண்ணெய் தேய்க்கலாம், பொள்ளாச்சிப் பக்கம் எந்த வைத்தியர் கட்டுப் போடுகிறார் என்று சொல்லித் தருகிறார்கள். ஒருத்தி முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி அனுப்பினாள். சூப் வைத்து ஒரு வாரம் குடித்தேன். இல்லாத வலிக்கு மருந்து குடித்தால் என்ன ஆகும், ஒன்றும் ஆகவில்லை.

இந்த வலி எனக்கு வந்த இடம் அந்தமான். என் உடம்புக்குள் அது வரவேயில்லை, என் வீட்டுக்காரர் வாயிலிருந்துதான் வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு ஆர்.எஸ்.புரத்தில். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மேற்கே மலை தெரியும். நான் பிறந்தது உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம், அங்கேயும் தென்னந்தோப்புக்கு மேலே மலைதான். பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒன்றிலும் ஏறியதில்லை. யாரும் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்காரர் வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுவார். பங்காளிகள், எங்கள் பம்புப் பட்டறை ஆட்கள் என்று வேன் நிறைய ஆள் கிளம்பும். குறிப்பிட்ட வயதுப் பெண்கள் அந்த மலையில் ஏறக் கூடாது என்பது வழக்கம். அதனால் நானும், என் வீட்டுக்காரரின் தங்கையான என் நாத்தனாரும் அடிவாரம் வரை போவோம். பெரிய குண்டாவில் புளிச்சோறு கிளறி, ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடிவாரக் கோயிலில் உட்கார்ந்திருப்போம். தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வருகிறவர்கள், மேலே எப்படிக் குளிர் அடித்தது, காற்று எப்படி ஆளைத் தூக்கப் பார்த்தது என்று சொல்லுவார்கள். கேட்டுக்கொண்டே கால் பிடித்துவிடுவோம். சாமி காரியம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வயது தாண்டட்டும், நாமும் ஏறலாம் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். கிழவியாவதற்கு ஆசைப்பட்டுக் காத்திருந்த பெண்பிள்ளை இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதற்கு நடுவில்தான் அந்தமான் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் தோழிகளோடு அங்கே போனாள். ஒரு தீவில், கடலோரக் காட்டுக்குள் நடந்து ஒரு பாறை முனைக்கு ஏறியிருக்கிறார்கள். மேலேயிருந்தே வீடியோவில் கூப்பிட்டாள். மரங்களைக் காட்டினாள், தொங்கும் கொடிகளைக் காட்டினாள், "இரும்மா, இப்பப் பாரு, எதிர்ல ஒரு தீவு" என்று போனைத் திருப்பினாள். அந்த இடத்தில் சிக்னல் போய்விட்டது. பிறகு போட்டோ அனுப்பினாள். சுற்றிலும் தண்ணீர், நடுவில் பச்சையாக ஒரு மேடு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்கு வந்தபோது அவள் சொன்ன ஒரு பேச்சுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

"போட்டோல ஒண்ணும் தெரியாதும்மா. மேல போய் நின்னா அந்தத் தீவு மட்டுந்தான். அதுல ஒரு ஊடு இல்ல, ரோடு இல்ல, ஒரு ஆளும் இல்ல. அதையப் பாத்துட்டு நிக்கறப்ப, இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லன்னு தோணுச்சு."

கல்யாணமான நாளிலிருந்து நான் யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். காபி ஏன் ஆறியது, கேட்டை யார் திறந்து வைத்தது, பங்காளி வீட்டு விசேஷத்துக்கு ஏன் பிந்தி வந்தீர்கள், மகளுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை. ஆள் இல்லாத ஒரு மண்ணை என் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நகைக்கும் பட்டுக்கும் ஆசைப்பட்டால் வாங்கித் தர ஆள் உண்டு, கடையும் அடுத்த தெருவிலேயே உண்டு. எனக்கு வந்த ஆசை இப்படி இருந்தது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன், உடனே ஒத்துக்கொண்டார். விமானத்தில் போவது, போனதைப் பங்காளிகளிடம் சொல்வது இரண்டுமே அவருக்குப் பிடிக்கும். நாத்தனாரும் அவள் கணவரும் சேர்ந்துகொண்டார்கள். நாலு பேருக்கு எல்லாம் பேசி முடித்தார்கள். கூடவே ஒரு சமையல்காரர். எங்கள் பக்கத்து ஆட்கள் டூர் போனால் அரிசியும் பருப்பும் அரைத்த மசாலாவும் சமையல்காரரும் பின்னாலேயே வர வேண்டும். போகிற ஊர்ச் சோற்றை நாலு வேளை சாப்பிட்டால் குடி முழுகிவிடும் என்று நினைப்பு.

கிளம்புவதற்குள் என் காலைத் தயார் செய்துகொண்டேன். விடிந்ததும் தெருத்தெருவாக நடந்தேன். வாரம் ஒரு நாள் மருதமலைக்குப் பஸ் ஏறிப் போய், படிக்கட்டு வழியாக ஏறி இறங்கினேன். முதல் வாரம் பாதியிலேயே உட்கார்ந்தேன். பிறகு உட்காராமல் ஏறினேன். கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஷூ வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு ஹாலில் நடந்து பார்த்தபோது வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"என்ன அம்மணி, ஒலிம்பிக்குக்கா?"

நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வெறும் கேலிதான்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்தார். உடுமலைப்பேட்டையில் பம்புசெட் டீலர். எங்கள் பட்டறையில் செய்யும் பம்புகளில் பெரும்பங்கு அவர் கடை வழியாகத்தான் விற்கும். வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் அவரிடம் அந்தமான் போகிறோம் என்று சொல்லி, "நீங்களும் வாங்க" என்றிருக்கிறார். அவர் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நல்ல மனுஷர். கனத்த உடம்பு, சர்க்கரை. அவர் நடப்பதெல்லாம் வீட்டு வாசலிலிருந்து கார் கதவு வரைக்கும்தான்.

மூன்று தடவை என்று சொன்னேனே, அதை விளக்கியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் "சாப்பிடுங்க" என்று சொன்னதும் யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். "இல்லீங்க, இப்பத்தான் ஆச்சுங்க" என்பார்கள். வயிறு காந்திக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். சொன்னவர் விடக் கூடாது. "அதெப்படிங்க" என்று மறுபடி கூப்பிட வேண்டும். அவர் இன்னொரு தடவை வேண்டாம் என்பார். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டும். முதல் தடவையே சரி என்றவரைப் பசிக்கு அலைந்தவர் என்பார்கள். முதல் தடவையோடு விட்டுவிட்டவரைக் கஞ்சன் என்பார்கள். யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை, தானாக வந்துவிடும். என் வீட்டுக்காரர் இதில் கெட்டிக்காரர். பந்தியில் முன்பின் தெரியாத ஆளைக்கூட மணிக்கட்டைப் பிடித்து இலை முன்னால் உட்கார வைத்துவிடுவார். உபசரிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரெல்லாம் பேர்.

அந்தமானில் முதலில் எங்களைக் கூட்டிப்போனது ஒரு சுலபமான பாதை. வழிகாட்டி அங்கேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தமிழ் பேசுகிறவர், வயது நாற்பதுக்கு மேல். கடற்கரை மணலிலேயே காடு தொடங்கியது. மரங்கள் தண்ணீர் பக்கமாகச் சாய்ந்து, வேரெல்லாம் மணலுக்கு வெளியே கிடந்தன. கொஞ்ச தூரம் வலது காதில் அலைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பாதை உள்ளே திரும்பியதும் அது நின்று, பூச்சிகளின் இரைச்சல் பிடித்துக்கொண்டது. மரங்களின் அடிவேர்கள் பலகை வைத்தாற்போல ஆள் உயரத்துக்கு விரிந்திருந்தன. ஈர இலை மக்கிய வாசனை. மேலே ஏற ஏற வியர்வையில் துணியெல்லாம் தொப்பலாக நனைந்தது. ஒரு திருப்பத்தில் இலைகளுக்கு நடுவே, காலுக்குக் கீழே கடல் தெரிந்தது. அலைச் சத்தம் மறுபடி வந்தது, இப்போது கீழேயிருந்து.

நான் மூச்சு வாங்காமல் நடந்தேன். வழிகாட்டிக்குப் பின்னால் நான்தான். வியூ பாயிண்ட் என்று பலகை அடித்து வைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து வெகு நேரம் நின்றேன். அங்கேயும் எதிரே ஒரு தீவு இருந்தது. ஆனால் அதில் கலங்கரை விளக்கம், படகுத்துறை, ஓட்டுக் கட்டடம் எல்லாம் இருந்தன. அது என் தீவு இல்லை. என்னுடையதைப் பார்க்க நாளை மறுநாள் போகிறோம் என்று வைத்துக்கொண்டு, இதைச் சும்மா ஒரு பார்வை பார்த்தேன். காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. என் உடம்பு எனக்கே தெரியாமல் இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று தோன்றியது.

முதலில் நாத்தனார் வந்தாள், பிறகு அவள் கணவர். நெடுநேரம் கழித்து என் வீட்டுக்காரர் மரத்தை மரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார், முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. டீலர் கடைசி. நாத்தனாரின் கணவர் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர், யாரையும் கேலி செய்யாமல் இருக்க முடியாதவர்.

"ஏனுங்க மச்சான், வருசா வருசம் வெள்ளியங்கிரி ஏறுனதெல்லாம் சும்மாங்களா? அக்கா உங்களுக்கு முன்னால வந்து காப்பியே போட்டு வெச்சிருப்பாங்க போல!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட வீட்டுக்காரர் பலமாகச் சிரித்தார். இறங்கும்போது அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் காத்திருந்த நாள் வந்தது. அந்தப் பாறை முனைக்குப் போக, சின்ன மோட்டார் படகில் ஒரு கழிமுகத்தைத் தாண்ட வேண்டும். அங்கே அதை டிங்கி என்கிறார்கள். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள், சேற்றுக்குள் விரல் விரலாக வேர்கள். மறுகரையிலிருந்து காட்டுப்பாதை. நான் ஷூவை இறுக்கிக் கட்டி, தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு, படகுத்துறைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றேன். படகைப் பார்த்ததும் வழிகாட்டி எங்களை எண்ணினார்.

"டிங்கியில எங்க ஆளுங்களத் தவிர நாலு பேருக்கு மேல ஏத்தக் கூடாது சார். லைப் ஜாக்கெட்டும் அவ்வளவுதான் இருக்கு. ஒருத்தர் இங்க இருந்துக்கணும்."

"ரெண்டு நடையாப் போலாமே?" என்றார் வீட்டுக்காரர்.

"மத்தியானம் தண்ணி வத்திரும் சார். அதுக்குள்ள போயிட்டுத் திரும்பணும். இன்னொரு நடைக்கு நேரம் கிடையாது."

முதலில் வாயைத் திறந்தது டீலர். "அப்பறம் என்னுங்க, நான் இருந்துக்கறனுங்க. நீங்க குடும்பத்தோட வந்திருக்கறீங்க, போயிட்டு வாங்க."

அவர் மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் சத்தியம் செய்வேன். அவர் கண் டீக்கடைப் பெஞ்சு மேல் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் விடுவாரா?

"அதெப்படிங்க! இவ்வளவு தூரம் வந்துபோட்டு உங்கள உட்டுட்டுப் போறதுங்களா?"

"இல்லீங்க, எனக்கு நடக்கறதுக்குக் கொஞ்சம் செரமந்தானுங்க."

"மெதுவாப் போலாமுங்க. கையப் புடிச்சு நான் கூட்டிட்டுப் போறனுங்க."

"பரவால்லீங்க..."

"நீங்க வரலீன்னா நானும் போகலீங்க."

மணிக்கட்டைப் பிடித்தார். தன் கையாலேயே அவருக்கு ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். பாவம், அந்த மனுஷர் படகில் ஏறி உட்கார்ந்தார். மூன்று ஜாக்கெட் மீதி, நாங்கள் நாலு பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாத்தனார் கைப்பையில் எதையோ தேடினாள். அவள் கணவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். இப்படி ஒரு அமைதி விழுந்தால் எங்கள் வீட்டில் அதை உடைப்பது எப்போதும் நான்தான்.

"நான் வேணா இருக்கறனுங்க. நீங்க போயிட்டு வாங்க."

முதல் தடவை சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவ்வளவுதான். அடுத்ததை அவர் சொல்ல வேண்டும். "அதெப்படி அம்மணி, நீ ஆசப்பட்டுத்தான வந்தோம்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். மூன்று தடவைகூட வேண்டாம், பெண்டாட்டிக்கு ஒன்று போதும். அவர் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டார்.

"சரி, பாத்து இருந்துக்கோ."

வழிகாட்டிக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், மேடம்தானே எல்லாரையும்விட நல்லா நடந்தாங்க?"

"அவளுக்கு மொழங்கால் வலி. அன்னிக்கு நடந்துபோட்டு ராத்திரியெல்லாம் தூங்கல" என்றார் வீட்டுக்காரர்.

அந்த வலி பிறந்தது அங்கேதான், அந்த நிமிஷம்தான். படகு கிளம்பியது. நாத்தனார் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

"நீ ஏம்மா வாயத் தொறக்கல?" என்று மகள் பிறகு போனில் கத்தினாள். அவள் பெங்களூர்க்காரி ஆகிவிட்டாள், அவளுக்கு விளங்காது. இருக்கிறேன் என்று சொன்ன வாயால் இல்லை வருகிறேன் என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தி சொல்ல மாட்டாள். அதை இன்னொருவர்தான் மறுக்க வேண்டும். அதோடு, வலி இல்லை என்று சொன்னால் டீலர் முன்னால் என் புருஷன் பொய்யன் ஆவார். பம்பு வாங்குகிறவர் முன்னால் பட்டறைக்காரரைப் பொய்யன் ஆக்குவதா? இதெல்லாம் படகு நகர்வதற்குள் எனக்குள் ஓடி முடிந்துவிட்டது. அத்தனையும் தெரிந்த மனுஷர்தான் அவர். தெரிந்துதான் சொன்னார்.

டீக்கடைக்குப் பின்னால் சமையல்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். "அம்மணி போகலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, கரையோரமாக நடந்தேன். ஷூ போட்ட கால் சும்மா இருக்கவில்லை. கரையோரம் ஒற்றையடிப் பாதை போனது. ஒரு பக்கம் அலையாத்தி, மறுபக்கம் காடு. சேற்றில் சின்னச் சிவப்பு நண்டுகள் என் காலடி கேட்டதும் வளைக்குள் ஓடின. கொஞ்ச தூரத்தில் முதலை உண்டு, தண்ணீருக்குப் பக்கத்தில் போகாதே என்று ஒரு போர்டு. அதோடு நின்றேன். நேர் எதிரே அந்தக் குன்று தெரிந்தது. பாறை முனை அதற்கு அந்தப் பக்கம், தீவு அதற்கும் அந்தப் பக்கம். எனக்குத் தெரிந்தது குன்றின் முதுகு. அங்கேயே நின்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

திரும்பி வந்து சமையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், அது வசதியாகப் போயிற்று.

அவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார்கள். முழங்கால் வரை சேறு. டீலருக்கு முகம் வெளுத்திருந்தது. வீட்டுக்காரர்தான் கரைக்கு வருவதற்குள்ளேயே பேசத் தொடங்கிவிட்டார். "சொர்க்கம் அம்மணி! என்னமோ போ, அதையெல்லாம் சொல்லி முடியாது." இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தீவின் போட்டோ வந்துவிட்டது. ஊரிலிருந்து கைதட்டலும் கும்பிடுமாகக் குவிந்தன.

தங்கிய இடத்தில் பக்கெட்டில் சேற்றுத் துணியை அலசிக்கொண்டிருந்தபோது நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. நாங்க மேலயே போகலீங்க."

"என்ன கண்ணு சொல்ற?"

"மொத ஏத்தத்துலயே டீலருக்கு முடியாமப் போச்சுங்க. ஒரே அட்டப்பூச்சி வேற. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டு அண்ணன் எப்படி உட்டுட்டுப் போறது? மரத்துக்கு நடுவுல கொஞ்சம் கடல் தெரிஞ்சுது, அங்கயே போட்டோ எடுத்துட்டுத் திரும்பிட்டோம். குரூப்ல போட்டது வழிகாட்டி போன்ல இருந்த பழைய போட்டோவுங்க."

இன்றைக்கும் என் வயிறு எரிவது இதை நினைத்துத்தான். அவராவது பார்த்திருந்தால், சரி, என் இடத்தில் ஒருவர் பார்த்தார் என்று இருந்திருப்பேன். என் தீவை யாருமே பார்க்கவில்லை. பார்க்க முடியாதவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், பார்க்கக் கூடியவளைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, பாதியில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

தை மாதம் பிறந்தது, கல்யாணங்கள் வந்தன. ஒவ்வொரு மண்டபத்திலும் வீட்டுக்காரர் அந்தமான் ஏறினார். பாறையில் காற்று எப்படி அடித்தது, தீவு எப்படித் தெரிந்தது என்று அவர் சொல்லும்போது, வெள்ளியங்கிரிக் காற்றைத்தான் எடுத்து அங்கே வைக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. "ஊட்டுக்காரம்மா வரலீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். "அவளுக்கு மொழங்கால் முடியாதுங்க." முதலில் ஒரு காலில்தான் வலி இருந்தது. பங்குனிக்குள் இரண்டு காலுக்கும் வந்துவிட்டது. படியே ஏறக் கூடாது என்று ஒரு டாக்டர்கூடச் சொல்லிவிட்டார், எந்த டாக்டர் என்று எனக்குத்தான் தெரியாது.

நான் சும்மா இருக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறனுங்க" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். "நீங்க அப்படித்தானுங்க சொல்லுவீங்க" என்று சிரித்துக்கொண்டே என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். படகுத்துறையில் மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையை உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் மரியாதைக்குச் சொல்கிறேன் என்கிறார்கள். என் வாயிலிருந்து வரும் எதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்தார்கள்.

சித்திரையில் வெள்ளியங்கிரி மலைக்குப் போவது பற்றிப் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எங்கள் வீட்டில் கூடினார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்காரர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன அம்மணி, உனக்குத்தான் வயசு தாண்டிப்போச்சே. நீயும் வாரயா?"

கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டது. நான் சொல்ல வேண்டிய பதிலும் அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். "நான் எங்கீங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும்.

"வாரனுங்க" என்றேன்.

டம்ளர்கள் அப்படியே நின்றன. வீட்டுக்காரர் சிரித்தார். "மொழங்கால ஊட்டுல வெச்சுட்டா?"

"மொழங்காலுக்கு ஒண்ணுமில்லீங்க. வாரனுங்க."

நாத்தனாரின் கணவர் வழக்கம்போலத் தொடங்கினார். "அதுக்கென்னுங்க மச்சான், அக்கா நம்மளையெல்லாம் முந்திப் போயிருவாங்க." ஆனால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிட்டார். இந்தத் தடவை வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வேன் எத்தனை மணிக்கு என்று பேச்சை மாற்றினார்.

நான் மறுபடியும் மருதமலைப் படி ஏறினேன். ஷூவைத் துடைத்து வைத்தேன். பரணிலிருந்து பெரிய குண்டாவை இறக்கித் தேய்த்துக் கவிழ்த்தேன். இந்த வருடம் ஒரு பொட்டலம் அதிகம் என்று நினைத்துக்கொண்டே புளி வாங்கினேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மலைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"இந்த வருசம் பட்டறையில வேல எச்சா இருக்குது. நான் மலைக்குப் போகல. அவங்க போய்ட்டு வரட்டும்."

காய்ச்சலோடு ஏறிய மனுஷர். பட்டறையில் மோட்டார் வெடித்துக் கையில் கட்டுப் போட்டிருந்த வருடமும் ஏறிய மனுஷர். அவர் போகாமல் நான் மட்டும் பங்காளிகளோடு போவதா என்று யாரும் கேட்கவில்லை. அது எங்கள் வீட்டில் கேட்கிற கேள்வியே இல்லை.

அதுவரை எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. படகுத்துறையில் அவசரம், டீலரைக் கவனிக்கிற மும்முரம், அதில் என்னை மறுபடி கூப்பிட மறந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் ஒன்று சொன்னாலும் மனசு அப்படித்தான் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தது. இனி அதற்கும் வழியில்லை. எனக்குப் பின்னால் ஏறுவதைவிட ஏறாமலே இருந்துவிடுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்த மனுஷர்.

மலைக்குப் போகிற அன்று காலையில், தேய்த்த குண்டாவை மறுபடி பரணில் வைக்க ஏணியைப் போட்டு ஏறினேன். ஹாலில் போன் அடித்தது. நாத்தனாரின் கணவர் வேனிலிருந்து கூப்பிடுகிறார் போல. வீட்டுக்காரர் குரல் அடுக்களை வரைக்கும் கேட்டது.

"இல்லீங்க மாப்ள, நீங்க போயிட்டு வாங்க. ஊட்டுல அம்மணிக்கு மொழங்கால் ரொம்ப முடியாமப் போச்சு. அவளத் தனியா உட்டுட்டு நான் எப்படி வாரது?"

நான் ஏணியின் மேல்படியில், முப்பது பேருக்குச் சோறு கிளறும் குண்டாவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் பேசி முடிக்கும் வரை அப்படியே நின்றேன். கால் நடுங்கவில்லை.